600-ல் வரும் போட்டோ 2400-ல் ஏன் பாதியில் நிற்கிறது?

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. அப்பா காலமான பிறகு பீரோவைக் காலி செய்தபோது இருநூறு படங்களுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. தாத்தா வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்தபோது எடுத்த, அட்டையில் ஒட்டிய குரூப் போட்டோ. 1981-ல் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மறுபடி லிங்கம் வைத்த சமயத்தில் எடுத்த கலர் படங்கள். பாட்டிக்கு இருக்கும் ஒரே படமான பாஸ்போர்ட் சைஸ் ஒன்று. ஒரு கவர் நிறைய நெகட்டிவ். வீட்டில் இருப்பது யுஎஸ்பி ஒயரிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும் மெல்லிய ஸ்கேனர், பெட்டியில் 4800 டிபிஐ என்று போட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் 8 ஜிபி ரேம் உள்ள பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 10. 600 வரைக்கும் ஒழுங்காக வருகிறது. 1200 வைத்தால் சில படங்களில் கோடும் புள்ளியும் விழுகின்றன. 2400-ல் பாதியில் நின்றுவிடுகிறது. குரூப் போட்டோவை 4800 வைத்தால் மெமரி போதவில்லை என்கிறது, ஒரு தடவை தப்பித்தவறிச் சேமித்த ஃபைல் திறக்கவே மாட்டேன் என்கிறது. ரேம் போடுவதா, புது ஸ்கேனர் வாங்குவதா, இல்லை மொத்தத்தையும் ஸ்டூடியோவில் கொடுத்துவிடுவதா? இதுதான் கேள்வி.

நான் வேலூரில் ஸ்டூடியோ லேப் வேலையில் இருந்து, பிறகு பல வருடங்களாகப் பழைய படங்களை ஸ்கேன் செய்து சரிசெய்து கொடுக்கும் வேலை பார்ப்பவன். உங்கள் மெஷினை நேரில் பார்க்கவில்லை. அதனால் கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியதை உறுதியாகவும், அனுபவத்தில் ஊகிப்பதை ஊகம் என்றுமே சொல்கிறேன். முதலில் ஒன்று: நீங்கள் கேட்டது "4800-ஐ எப்படி ஓட வைப்பது" என்றாலும், உங்களுக்குத் தேவைப்படுவது அந்த 4800 இல்லை. படத்தில் இருப்பது ஒன்றுவிடாமல் கம்ப்யூட்டருக்குள் வர வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் வேறு. நீங்கள் சொன்ன நான்கு தொந்தரவுகளும் ஒரே நோய் அல்ல. சில போட்டோவில் இருக்கின்றன, சில ஸ்கேனரில், சில கம்ப்யூட்டரில். எது எங்கே என்று பிரித்துவிட்டால் காசு எங்கே செலவழிப்பது, எங்கே செலவழிக்கக்கூடாது என்பது தானாகத் தெரியும்.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம், இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது. அதை இரட்டிப்பாக்கினால் நீளத்திலும் இரட்டிப்பு, அகலத்திலும் இரட்டிப்பு, ஆக ஃபைல் நான்கு மடங்கு. சாதாரண 4க்கு 6 அங்குல கலர் பிரிண்டை 600-ல் எடுத்தால் சுருக்காத ஃபைல் சுமார் 26 எம்பி. 1200-ல் 104. 2400-ல் 415. உங்கள் குரூப் போட்டோ 8க்கு 10 என்று எழுதியிருக்கிறீர்கள். அது 600-ல் 86 எம்பி, 1200-ல் 346 எம்பி, 2400-ல் ஏறக்குறைய 1.4 ஜிபி, 4800-ல் ஐந்தரை ஜிபி. இதெல்லாம் 24 பிட் கலருக்கு, அதாவது ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எழுத 24 பிட் இடம். தெரியாமல் 48 பிட் என்று தேர்ந்தெடுத்திருந்தால் அப்படியே இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்: பதினோரு ஜிபி. அந்த ஒரு படத்தைத் தூக்கிப் பிடிக்கவே உங்கள் 8 ஜிபி போதாது, அதிலும் விண்டோஸும் பிரவுசரும் முன்னாலேயே பாதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஸ்கேன் சாஃப்ட்வேர் படத்தைத் திருப்பும்போதும் நிறம் சரிசெய்யும்போதும் ஒன்றுக்கு இரண்டு பிரதி வைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ரேம் போட்டால் தீர்ந்ததா என்றால், இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். ஸ்கேனரோடு வரும் பழைய சாஃப்ட்வேர்களில் நிறைய இன்னும் 32 பிட் ரகம். (இது மேலே சொன்ன நிறக் கணக்கு அல்ல, புரோகிராம் எவ்வளவு மெமரியைக் கையாளும் என்ற கணக்கு.) 32 பிட் புரோகிராம் வழக்கமாக 2 ஜிபிக்கு மேல் மெமரியைத் தொடாது, சில மட்டும் 4 வரை போகும். கம்ப்யூட்டரில் 32 ஜிபி போட்டு வைத்தாலும் அது ஏறெடுத்துப் பார்க்காது. உங்களுடையது எது என்று பார்ப்பது சுலபம்: ஸ்கேன் சாஃப்ட்வேரைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரைத் திறங்கள், விண்டோஸ் 10-ல் பெயருக்குப் பக்கத்திலேயே 32 பிட் என்று காட்டும். அப்படிக் காட்டினால் ரேம் வாங்கும் பேச்சைத் தள்ளி வையுங்கள். அதற்குப் பதிலாக 64 பிட்டில் ஓடும் வேறு ஸ்கேன் சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள். வியூஸ்கேன் காசுக்குக் கிடைப்பது, பழைய ஸ்கேனர்கள் நிறையவற்றைத் தன் சொந்த டிரைவரிலேயே ஓட்டும். வாங்கும் முன் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம்.

திறக்காத ஃபைலுக்கும் கணக்கிலேயே பதில் இருக்கிறது. படத்தைத் தரம் குறையாமல் சேமிக்கும் வடிவம் டிஃப். வழக்கமான டிஃப் ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது, அந்த வடிவத்தின் உள்ளமைப்பே அப்படி. ஐந்தரை ஜிபி படத்தை அதில் திணித்தால் ஒன்று சாஃப்ட்வேர் மறுக்கும், இல்லை அரைகுறையாக எழுதிவைக்கும். பென் டிரைவில் நேரடியாகச் சேமித்திருந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு: ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவுக்கும் ஒரு ஃபைலுக்கு அதே 4 ஜிபிதான் வரம்பு. ஃபைல் 4 ஜிபிக்குக் குறைவாக இருந்தும் திறக்கவில்லை என்றால் அது கெட்டுப்போனது என்று உடனே அழித்துவிடாதீர்கள். விண்டோஸோடு வரும் போட்டோ வியூவர் பெரிய படங்களில் திணறும். இர்ஃபான்வியூவின் 64 பிட் பதிப்பில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, இது சி டிரைவ் பற்றியது. படத்தை டி டிரைவில்தான் சேமிக்கிறேன், அங்கே இடம் கொட்டிக் கிடக்கிறது என்பார்கள். ஆனால் ஸ்கேன் ஓடும்போது சாஃப்ட்வேர் தற்காலிகமாக எழுதுவது பெரும்பாலும் சி டிரைவில் உள்ள டெம்ப் ஃபோல்டரில். அங்கே மூன்று ஜிபி மட்டும் மிச்சம் இருந்தால் பெரிய ஸ்கேன் நடுவிலேயே மூச்சு முட்டி நிற்கும், செய்தி மட்டும் மெமரி போதவில்லை என்று வரும். சி-யில் குறைந்தது இருபது ஜிபியாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 2400-ல் பாதியில் நிற்பது. இதற்கு நான் முதலில் செய்யச் சொல்வது ஒரு சின்னச் சோதனை. ஏதாவது ஒரு படத்தை வைத்து, பிரிவ்யூவில் இரண்டுக்கு இரண்டு அங்குலம் மட்டும் கட்டம் போட்டு, 4800 வைத்து 24 பிட்டில் ஸ்கேன் செய்யுங்கள். ஃபைல் 276 எம்பிதான் வரும். அது தடங்கலில்லாமல் முடிந்தால் ஸ்கேனர், கேபிள், டிரைவர் மூன்றும் நன்றாக இருக்கின்றன, முழுப் படத்தின் அளவுதான் சாஃப்ட்வேருக்குத் தாங்கவில்லை என்று அர்த்தம். அந்தச் சின்னக் கட்டமே பாதியில் நின்றால் மெமரியைக் குறை சொல்ல வேண்டாம், கேபிள் பக்கம் போங்கள்.

கேபிள் பக்கம் என்றால் என்ன பார்ப்பது? உங்களுடையது போன்ற ஸ்கேனருக்குத் தனி அடாப்டர் கிடையாது. யுஎஸ்பி 2.0 போர்ட் தரும் கரண்ட் 500 மில்லி ஆம்பியர், அதிலேயேதான் விளக்கும் எரிய வேண்டும், மோட்டாரும் ஓட வேண்டும். சிபியு பெட்டியின் முன்பக்கப் போர்ட்டில் செருகினால் உள்ளே மெல்லிய ஒயர் வழியாக வந்து சேர்வதற்குள் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். ஹப் போட்டு அதில் செருகினால் அந்த 500-ஐயும் மவுஸோடும் பென் டிரைவோடும் பங்கு போட வேண்டும். பெட்டியின் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில், ஸ்கேனரோடு வந்த குட்டைக் கேபிளால் நேராகச் செருகுங்கள். மேசை எட்டவில்லை என்று பஜாரில் வாங்கிய மூன்று மீட்டர் கேபிள் இருந்தால் கழற்றி வையுங்கள். அடுத்தது விண்டோஸின் மின்சாரச் சிக்கனம்: கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும். அதை டிசேபிள் செய்யுங்கள். ஸ்லீப்பையும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வையுங்கள். 2400-ல் ஒரு படம் ஓடி முடிக்கும் நேரத்துக்குள் கம்ப்யூட்டர் தூங்கிவிட வாய்ப்புண்டு. ஆன்டிவைரஸ் பெரிய டெம்ப் ஃபைலை எழுத எழுதச் சோதிப்பதும் வேகத்தை இழுக்கும்.

நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே சதவீதத்தில் நின்றால் சாஃப்ட்வேரின் வரம்பு, அல்லது விளக்கையும் சென்சாரையும் சுமந்து உள்ளே ஓடும் வண்டி ஒரே இடத்தில் சிக்குகிறது. ஒருமுறை இருபதில், இன்னொருமுறை அறுபதில் என்று நின்றால் கரண்டோ கேபிளோதான். இது ஊகம்தான், ஆனால் இந்த ஊகம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

அடுத்தது கோடுகள். உங்கள் கேள்வியில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதை ஒரு பைசா செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். கோடு விழுந்த படத்தைக் கண்ணாடி மேல் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். படத்தோடு சேர்ந்து கோடும் திரும்பினால் அது போட்டோவில் உள்ள கீறல். படம் திரும்பியும் கோடு அதே திசையில் நின்றால் ஸ்கேனர். ஸ்கேனர்தான் என்றால் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். உள்ளே விளக்கு நகரும் திசையிலேயே, தலையிலிருந்து கால்வரை நூல் பிடித்ததுபோல நேராக ஓடினால், சென்சார் பட்டை மேலோ, ஸ்கேனர் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் வெள்ளைப் பட்டைக்கு நேரே உள்ள கண்ணாடியிலோ ஒரு தூசி உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்னும் ஸ்கேனர் அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் எது வெள்ளை என்று கற்றுக்கொள்கிறது. அங்கே ஒரு துளி அழுக்கு இருந்தால் அந்தப் புள்ளி மட்டும் தப்பாகக் கற்றுக்கொண்டு படம் முழுக்கக் கோடு இழுக்கும். விளக்கு கிளம்பும் முனையில் உள்ள கண்ணாடி ஓரத்தைத்தான் முதலில் துடைக்க வேண்டும். எல்லோரும் நடுவில் மட்டும் துடைத்துவிட்டு ஸ்கேனர் போச்சு என்பார்கள்.

துடைப்பது என்றால் மூக்குக்கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி போதும். பிசுக்கு போகவில்லை என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் இரண்டு சொட்டு விட்டுத் துடையுங்கள். கண்ணாடி மேல் நேராக எதையும் ஸ்ப்ரே செய்யாதீர்கள், ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். மேலே துடைத்தும் போகாமல் உட்புறக் கண்ணாடியில் புகை படிந்ததுபோல் இருந்தால், அது உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கிலிருந்து காலப்போக்கில் வெளியேறிப் படிவது. சில மாடல்களைத் திறந்து துடைக்கலாம், சிலவற்றில் கண்ணாடி ஒட்டியே இருக்கும். உங்கள் மாடல் தெரியாமல் திறக்கச் சொல்ல மாட்டேன்.

கோடு குறுக்கே, விளக்கு நகரும் திசைக்குச் செங்குத்தாகப் படத்தின் அகலம் முழுக்க விழுந்தால் கதை வேறு. கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும் வேகத்தைவிட ஸ்கேனர் அனுப்பும் வேகம் அதிகமானால், வண்டி நின்று, கொஞ்சம் பின்னால் போய், விட்ட இடத்திலிருந்து மறுபடி கிளம்பும். காதை வைத்துக் கேட்டால் தெரியும், சீராக ஓடும் சத்தம் நடுவில் அறுந்து ஒரு 'டக்' கேட்கும். அந்த 'டக்' கேட்ட இடத்தில்தான் கோடு இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்தான் பெரும்பாலும் காரணம். அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், போட்டால் இது போகும். ரேமுக்கு ஒதுக்கிய காசை இதற்குக் கொடுத்தால் வீண் போகாது. குறுக்குக் கோடு நேராக இல்லாமல் நெளிநெளியாக இருந்தால் மேசை ஆடுகிறது. 2400-ல் ஒரு புள்ளி என்பது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. மேசையில் கை ஊன்றி டைப் அடித்தாலே அந்த அளவு ஆடும். உங்கள் ஊரில் பக்கத்து வீட்டில் தறி ஓடினால் தரையோடு சேர்ந்து ஆடும், சொல்லவே வேண்டாம். தறி நிற்கும் நேரத்தில், தரையில் வைத்து ஸ்கேன் செய்து பாருங்கள்.

கோடு அல்ல, புள்ளி புள்ளியாகத் தேன்கூடு மாதிரி வருகிறது என்று இரண்டு கலர் படங்களைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது கோளாறே இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சில்க் பேப்பர் என்று ஒன்று ஓடியது, கைரேகை படாது என்று கல்யாண ஆல்பத்துக்கெல்லாம் விரும்பிக் கேட்பார்கள். படத்தைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் மேற்பரப்பில் சின்னச் சின்ன மேடு தெரியும். உங்கள் ஸ்கேனரில் விளக்கு ஒரே பக்கத்திலிருந்து விழுவதால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் நிழல். ரெசல்யூஷன் ஏற ஏற அதுதான் தெளிவாகத் தெரியும், முகம் தெளியாது. இதற்கு ஒரு வழி உண்டு. ஒருமுறை நேராக ஸ்கேன் செய்யுங்கள். பிறகு படத்தைத் தலைகீழாக, அதாவது 180 டிகிரி திருப்பி வைத்து இன்னொருமுறை. இரண்டாவதைக் கம்ப்யூட்டரில் நிமிர்த்தி, முதலாவதன் மேல் ஒரு லேயராக வைத்து, கண்ணும் கண்ணும் பொருந்துகிற மாதிரி நகர்த்தி, மேல் லேயரைப் பாதி ஒளிபுகும்படி வையுங்கள். முதலில் பளபளத்த பக்கம் இரண்டாவதில் நிழல், நிழல் இருந்த பக்கம் பளபளப்பு. இரண்டும் பெரும்பகுதி கழிந்துவிடும். பொறுமை வேண்டும். எல்லாப் படத்துக்கும் செய்யாதீர்கள், நல்லதாக நாலைந்துக்குச் செய்யுங்கள்.

குரூப் போட்டோவில் நடுவில் மங்கலாக, ஓரம் மட்டும் தெளிவாக இருப்பதற்கும் ரெசல்யூஷனுக்கும் சம்பந்தமில்லை. கேனன் லைடே, எப்சன் வி39 மாதிரி மெல்லிய ஸ்கேனர்கள் சிஐஎஸ் ரகம், சென்சார் கண்ணாடிக்கு அடியிலேயே ஒட்டி நகரும். கண்ணாடியை ஒட்டி இருப்பது மட்டும்தான் இதற்குத் தெளிவாகத் தெரியும்; ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலே மங்கும். உங்கள் படம் ஒட்டியிருக்கும் அட்டை ஸ்கேனர் கண்ணாடியைவிடப் பெரியது. அதனால் அட்டையின் ஓரம் கண்ணாடியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, நடுப்பகுதி கண்ணாடியைத் தொடுவதில்லை. அதோடு நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் மாறி மாறி அட்டை வளைந்திருக்கும். கையால் அழுத்தித் தட்டையாக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்து அட்டை பிஸ்கட் போல உடையும், உடைந்தால் முகத்துக்கு நடுவில்தான் உடையும். ஆழம் அதிகம் பார்க்கும் சிசிடி ரக ஸ்கேனர், எப்சன் வி600 போன்றது, இதைவிட நன்றாக எடுக்கும். என்னைக் கேட்டால் ஸ்கேனரே வேண்டாம், கேமராவில் எடுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் படம் ஃபிரேம் நிறைய வந்தால் 8க்கு 10 பிரிண்டுக்கு அங்குலத்துக்கு ஏறக்குறைய 500 புள்ளி கிடைக்கும். படத்தைத் தரையில் போட்டு, கேமராவை ஸ்டாண்டில் நேர் மேலே நிறுத்தி, வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், டைமர் வைத்து எடுங்கள். கருப்பான இடங்களில் ஈயம் பூசினாற்போல் நீலமாக மினுக்குவது படத்திலுள்ள வெள்ளி மேலே வந்து படிந்தது. ஸ்கேனரில் அது வெளுப்பாகத் தெரியும், ஜன்னல் வெளிச்சத்தில் கோணம் மாற்றிப் பார்த்தால் ஓரளவு மறையும்.

சரி, எந்தப் படத்துக்கு எத்தனை டிபிஐ? ஸ்டூடியோவிலோ லேபிலோ நெகட்டிவிலிருந்து பெரிதாக்கிப் போட்ட பிரிண்டில், 300-ல் கிடைக்காத விவரம் பெரும்பாலும் இருக்காது. 600 என்பது தாராளம். அதற்கு மேல் போனால் காகிதத்தின் நாரும் தூசியும்தான் பெரிதாகின்றன. பெட்டியில் 4800 என்று இருப்பது சென்சாரில் எத்தனை கண் என்ற கணக்கு. லென்ஸும் மோட்டாரும் சேர்ந்து உண்மையில் பிரித்துக் காட்டுவது அதில் பாதிகூடத் தேறாது. விதிவிலக்கு இரண்டு. ஒன்று, நெகட்டிவை அப்படியே காகிதத்தின் மேல் வைத்து எடுத்த கான்டாக்ட் பிரிண்ட். உங்கள் கல்லூரி குரூப் போட்டோ பெரிய கண்ணாடித் தகட்டிலிருந்து அப்படி எடுத்ததாக இருந்தால் 1200 வரை போகலாம். வரிசையில் நிற்பவர் முகம் ஆறு மில்லிமீட்டர் என்றால் 600-ல் அது 140 புள்ளி உயரம், 1200-ல் 280, வித்தியாசம் தெரியும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: சட்டைப் பொத்தான் தனியாகத் தெரிந்தால் 1200, குழைந்து தெரிந்தால் 600. இரண்டாவது விதிவிலக்கு பாட்டியின் பாஸ்போர்ட் படம். மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டரை 1200-ல் எடுத்தால் சுமார் 1650க்கு 2130 புள்ளி. 10க்கு 12 அங்குலத்தில் பெரிதாக்கி மாட்டினால் அங்குலத்துக்கு 165 புள்ளிக்குக் குறையாது. பூஜை அறையில் நாலடி தள்ளி நின்று பார்ப்பதற்கு அது போதும். இதை மட்டும் 48 பிட்டில் எடுங்கள், ஷார்ப்பன், தூசி நீக்கல், ஆட்டோ கலர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு. போன் ஆப்பில் கொடுத்து முகத்தைத் தெளிவாக்குகிறேன் என்று போகாதீர்கள். அது இருப்பதைத் தெளிவாக்காது, இல்லாததை வரையும். பாட்டியைப் பார்த்திராத பேரப்பிள்ளைகள் அந்த முகத்தைத்தான் பாட்டி என்று நம்புவார்கள்.

1981 படங்கள் சிவந்துபோனதும் ஸ்கேனர் கோளாறு அல்ல. அந்தக் காலத்துக் கலர் பேப்பரில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் கிடந்தாலே முதலில் மங்கும், மிச்சம் இருப்பது சிவப்பாகத் தெரியும். இவற்றையும் 600-ல், 48 பிட் டிஃப்பில் எடுங்கள். மங்கிய சாயத்தை இழுத்துச் சரிசெய்யும்போது 24 பிட்டில் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும், 48 பிட்டில் தாங்கும்.

நெகட்டிவ் கவரை உங்கள் ஸ்கேனரில் முயற்சி செய்ய வேண்டாம். நெகட்டிவுக்கு வெளிச்சம் மறுபக்கத்திலிருந்து வர வேண்டும், உங்கள் மூடியில் விளக்கு இல்லை. 2400, 3200 போன்ற அளவுகள் நிஜமாகவே தேவைப்படும் இடம் இதுதான், 35 எம்எம் நெகட்டிவ் 3200-ல் சுமார் 13.7 மெகாபிக்சல் தரும். இதை ஃபிலிம் ஸ்கேனர் உள்ள இடத்தில் கொடுங்கள். கருப்பு வெள்ளை நெகட்டிவுக்கு டிஜிட்டல் ஐஸ் என்ற தூசி நீக்கலைப் போட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். அது இன்ஃப்ரா ரெட் வெளிச்சத்தில் வேலை செய்வது, ஃபிலிமில் உள்ள வெள்ளியையே தூசி என்று நினைத்துப் படத்தைக் கெடுக்கும். பிரிண்டுகளின் பின்பக்கத்தையும் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் ஒரு நம்பரும் இருந்தால் அது நெகட்டிவ் நம்பர். அந்த ஸ்டூடியோ இன்னும் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள், வெள்ளிக்காக நெகட்டிவ்களைக் கிலோக் கணக்கில் எடைக்குப் போட்ட ஸ்டூடியோக்கள் நிறைய.

2021 நவம்பர் வெள்ளத்தில் கௌண்டன்யா கரையோர வீட்டில் நனைந்து, ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட ஒரு படம் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். படத்தின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். வெயிலிலும் வைக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்து, சாய்வு வெளிச்சத்தில், எதிரொளி விழாதபடி கருப்புத் துணி பிடித்து கேமராவில் எடுத்துவிடுங்கள். பிரிப்பது பேப்பர் பழுதுபார்க்கும் நிபுணர் வேலை, அவர்களும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட முடியாது.

ஆக, 4க்கு 6 படங்களை நீங்களே 600-ல் எடுங்கள். இருநூறும் சேர்ந்து 24 பிட் டிஃப்பில் ஐந்து ஜிபி சுற்றித்தான் வரும், 48 பிட்டில் எடுப்பவை மட்டும் இரண்டு மடங்கு, உங்கள் கம்ப்யூட்டர் இப்போது இருக்கிறபடியே தாங்கும். பாஸ்போர்ட் படமும் உங்கள் கையாலேயே. குரூப் போட்டோவைக் கேமராவில் எடுங்கள், முடியாவிட்டால் வெளியே கொடுங்கள். நெகட்டிவ் வெளியேதான். ஸ்டூடியோவில் கொடுப்பதானால் எந்த ஸ்கேனர், டிஃப் தருவீர்களா, எதையும் 'சரிசெய்யாமல்' தருவீர்களா என்று மூன்றும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஜெராக்ஸ் மெஷினில் வைத்து ஜேபெக் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடும் கடைகளும் இருக்கின்றன. புது ஸ்கேனர் இப்போது தேவையில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்பதால் 11-க்கு மாற நினைத்தால், உங்கள் ஸ்கேனருக்கு அதில் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மாறுங்கள். இருநூறு படமும் முடிந்த பிறகு மாறுவது இன்னும் நல்லது.

இரண்டு அங்குலக் கட்டச் சோதனை பின்பக்கப் போர்ட்டிலும் பாதியில் நின்றால், ஸ்கேனரின் மாடல் பெயர், டாஸ்க் மேனேஜரில் 32 பிட் என்று காட்டியதா, எத்தனை சதவீதத்தில் நின்றது, நிற்கும் முன் சத்தம் மாறியதா என்று எழுதுங்கள். கோடு விழுந்த ஸ்கேனில் ஓரத்தோடு ஒரு துண்டு வெட்டி, ஜேபெக் ஆக்காமல், சேர்த்து அனுப்புங்கள்.